மூன்றடித் தண்ணீர்

அம்மணிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, கைதான் வேகமாகும். மல்லாட்டைக் கடலை ஆயும் களத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒரு கூடை நிரப்புவதற்குள் இவள் இரண்டு கூடையை நிரப்பிவிட்டு மூன்றாவதை இழுத்துப் போடுவாள். பூவந்தாங்கலில் அவளைக் கூலிக்குக் கூப்பிடுகிறவர்கள், காலையில் அவள் முகம் கடுகடுவென்று இருந்தால் உள்ளுக்குள் சந்தோஷப்படுவார்கள். அப்படிப்பட்டவளின் கை போன மாசி மாதம் ஒரு நாள் அசையாமல் நின்றுபோனது. அன்றுதான் அந்தக் கடிதம் வந்தது.

பழுப்பு உறை, மேலே அரசு முத்திரை. மகள் கலைமதி திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறவள். அலுவலகக் கடிதங்களின் மொழி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் அடுப்படியில் நின்றபடியே படித்தாள். "பூவந்தாங்கல் ஏரியில் மண் எடுத்த பள்ளம் முறையாக மூடப்பட்டுச் சமன் செய்யப்பட்டுள்ளது. சம்பவ இடத்தில் நீரின் ஆழம் மூன்றடி. இறந்த ராயப்பன் என்பவர் மதுபோதையில் தவறி விழுந்து இறந்ததாக விசாரணையில் தெரியவருகிறது."

அம்மணி மறுபடியும் படிக்கச் சொன்னாள். மூன்றாவது முறை படிக்கும்போது கலைமதி அழுதுவிட்டாள். அம்மணிக்கு அழுகை வரவில்லை. ஐந்தே முக்கால் அடி மனிதர் மூன்றடித் தண்ணீரில் செத்திருக்கிறார், அப்படியானால் குடித்துத்தானே இருக்க வேண்டும்! யாரோ மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எவ்வளவு வசதியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ராயப்பன் குடித்தாராம். விக்கிரவாண்டி டோல்கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருபத்திரண்டு வருஷம் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டிய மனிதர் அவர். ராத்திரி பகல் பாராமல் வேலை செய்கிற அந்தச் சாலையில் குடிக்காதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். டிரைவர்கள் எவ்வளவோ வற்புறுத்தியும் பன்னீர் சோடாவைத் தவிர வேறெதையும் தொடாததால் அவருக்கு சோடா ராயப்பன் என்றே பெயர். ஒரு கல்யாணத்தில் யாரோ விளையாட்டுக்குக் குளிர்பானத்தில் கலந்து கொடுத்துவிட, மூன்று நாள் வாந்தியெடுத்துப் படுக்கையில் கிடந்தார். அதைப் பார்த்து ஊரே சிரித்தது. அந்த ஊரில் ஒரு வாய் கூட, விசாரணைக்கு வந்தவர்களிடம் இதைச் சொல்லத் திறக்கவில்லை என்பதுதான் அம்மணியின் இரண்டாவது கோபம்.

அவருக்கு இருந்த ஒரே போதை தூண்டில். சனிக்கிழமை இரவு கடைசி பஸ்ஸில் வருவார், ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் ஏரிக்குப் போய்விடுவார். கல்யாணமான புதிதில் அவர் கொண்டுவரும் மீனைவிடக் கொண்டுவரும் கதைகள்தான் அதிகம். ஏன் என்று பார்க்க ஒரு நாள் அம்மணியும் கூடப் போனாள். தூண்டில் நரம்பில் அவர் கட்டியிருந்தது தேய்ந்த ரப்பர் செருப்பை அறுத்த ஒரு துண்டு, உள்ளங்கையில் பாதி இருக்கும்.

"இது தக்கையா, தெப்பமா?" என்று கேட்டாள். "மீனு வந்து மோந்து பாத்துட்டுப் போய்க்கினே இருக்கும். உனுக்குத் தெரியவே தெரியாது."

அவள் சொன்னது சரிதான். கெளுத்தி இரையை விழுங்கிக்கொண்டு இழுத்து ஓடும், அதற்குச் செருப்புத் துண்டு போதும். ஜிலேபி மீன் அப்படியில்லை. உதட்டால் உறிஞ்சிப் பார்க்கும், பிடிக்காவிட்டால் துப்பிவிடும். அந்தத் தொடுதல் மேலே தெரிய வேண்டுமானால் தக்கை மெலிசாக இருக்க வேண்டும். முதலில் சோளத்தட்டையின் உள் நெட்டியை வைத்துப் பார்த்தாள். அரைநாளில் தண்ணீர் குடித்து ஊதிப்போய் முழுகியது. பிறகு கொல்லையில் மயில்கள் உதிர்த்துவிட்டுப் போன இறகுகளைப் பொறுக்கி, தூவியைச் சீவி, தண்டை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கினாள். ராயப்பன் கடையிலிருந்து சைக்கிள் வால்டியூப் கொண்டுவந்தார். அந்தச் சின்ன ரப்பர் குழாயைத் துண்டு போட்டு, தண்டின் அடியில் நரம்பைப் பிடிக்கச் செருகினாள். நுனிக்குக் கல்யாணத்துக்கு வாங்கிய சிவப்பு நகப்பூச்சு. லாரிச் சக்கரத்தில் பொருத்தும் பழைய ஈயத்தைத் தட்டிக் குண்டாக்கி, நுனி மட்டும் வெளியே தெரியும் அளவுக்குக் கனம் சேர்த்தாள். அன்றைக்கு ஒரு கூடை ஜிலேபி வந்தது.

ஆழமான இடத்துக்கு வேறு வழி செய்தாள். தக்கையை நரம்போடு இறுக்காமல், அடியில் பேனா ரீஃபில் துண்டு ஒன்றைக் கட்டி அதற்குள் நரம்பை ஓடவிட்டாள். எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த இடத்தில் நரம்பின் மேல் தையல் நூலால் ஒரு முடிச்சு, முடிச்சுக்குக் கீழே ஒரு பாசிமணி. நரம்பு ஓடிக்கொண்டே போகும், பாசிமணி வந்து தட்டியதும் தக்கை நிற்கும். முடிச்சை விரலால் நகர்த்தினால் ஆழம் மாறும். ஏரிக்கரையில் இதைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லாம் தாங்களும் செய்ய ஆரம்பித்தார்கள். கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால் ராயப்பன் என்றார்கள். அவர் மட்டும், "எங்க வூட்டுல பண்ணது" என்று திருத்துவார்.

பூவந்தாங்கல் ஏரியில் அப்போதெல்லாம் ஆழமான இடம் மதகுப் பக்கம் மட்டும்தான். கிழக்குக் கரையில் துவைக்கிற கல்லிலிருந்து எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறாது. அம்மணிக்கு அது நன்றாகத் தெரியும். நூறு நாள் வேலையில் அந்தத் தரையை வெட்டி, மண்ணைத் தலையில் சுமந்து கரையில் கொட்டியவள் அவள். அதனால் தூண்டில் முள் எங்காவது மாட்டிக்கொண்டால் அந்தக் கரையில் யாரும் நரம்பை அறுக்க மாட்டார்கள். தக்கையைத் தொலைக்க மனசு வராது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்துபோய் எடுத்துவருவார்கள். மூன்று தலைமுறையாக அப்படித்தான்.

இரண்டு கோடைக்கு முன்னால் தாண்டவராயன் என்கிற ஒப்பந்தக்காரர் வண்டல் மண் எடுக்க அனுமதி வாங்கினார். வண்டல் வயலுக்கு என்று சொல்லிவிட்டு, வண்டலுக்குக் கீழே இருந்த கெட்டி மண்ணைத் தோண்டி மனைப்பிரிவுகளுக்கு ஏற்றினார். கிழக்குக் கரையில் பனைமரம் முழுகும் அளவுக்குக் குழி விழுந்தபோது ஊர் கொதித்தது. கிராம சபையில் சத்தம் போட்டார்கள், அம்மணியும் எழுந்து பேசினாள். மழைக்கு முன்னால் மூடிவிடுகிறேன் என்று தாண்டவராயன் மைக்கில் சொன்னார். ஆடி மாதம் இரண்டு நாள் இயந்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. யாரும் இறங்கிப் பார்க்க முடியாதபடி வெட்டிய சீமைக்கருவேல முள்ளை ஓரமெல்லாம் குவித்து வைத்திருந்தார்கள். பிறகு புயல் மழையில் ஒரே வாரத்தில் ஏரி நிரம்பியது. மூடியாகிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். அம்மணியும் நம்பினாள். அதை நினைத்தால் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வரும்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. தண்ணீர் குறையத் தொடங்கி, துவைக்கிற கல் வெளியே தெரிந்திருந்தது. பூசை முடிந்து வந்த ராயப்பன் கிழக்குக் கரைக்குப் போவதாகச் சொன்னார். அம்மணி மயிலிறகுத் தக்கை ஒன்றை எடுத்து, நரம்பில் மூன்றடிக்கு நூல் முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். அந்தக் கரைக்கு மூன்றடி. அவள் கைக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மதியம் சோற்றுக்கு அவர் வரவில்லை. தேடிப்போனபோது கரையில் தூண்டில் கொம்பு கிடந்தது, பக்கத்தில் ரப்பர் செருப்பு இரண்டும் ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. கல்லிலிருந்து பத்தடி தூரத்தில் சிவப்பு நுனி ஆடாமல் நின்றுகொண்டிருந்தது. முழுகிக் கிடந்த கருவேல முள்ளில் தூண்டில் மாட்டியிருக்கிறது, எடுக்கப் போயிருக்கிறார். மறுநாள் காலையில் அவர் மதகுப் பக்கம் மிதந்தார். மதகுப் பக்கம் மிதந்ததால், கிழக்குக் கரையில் விழுந்ததாக யார் சொன்னது என்று விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். தக்கையைக் காட்டினாள். குப்பை என்றார்கள். தாண்டவராயனிடம் மேஸ்திரியாக இருக்கும் குமரேசன், ராயப்பன் அன்றைக்குத் தள்ளாடிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்ததாக வாக்குமூலம் கொடுத்தான். ஆஸ்பத்திரி அறிக்கை வந்தால் தெரியும் என்றார்கள். அறிக்கை வரவில்லை, கடிதம்தான் வந்தது.

கடிதம் வந்த அடுத்த திங்கட்கிழமை மனு நாளில் அம்மணி, கடிதம் அனுப்பிய அலுவலகத்தில் நின்றாள். அதற்கடுத்த திங்கட்கிழமையும் நின்றாள். கலைமதி டைப் அடித்துக் கொடுத்த மனுவில் இரண்டே கோரிக்கைகள்தான் இருந்தன. ஆழத்தை அளக்க வேண்டும், குடித்தார் என்று எழுதியதை எடுக்க வேண்டும். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை, சோம்பேறி. "இன்னும் ரெண்டு மாசம் பொறும்மா. ஏரி வத்துனா தானா தெரிஞ்சிடப் போவுது" என்றார்.

"வத்தறதுக்குள்ள மூடிடுவாங்க சார். அப்பறம் இந்தக் காயிதம்தான் நெசம்" என்றாள் அம்மணி.

அவள் பயந்தது வீணில்லை. கிழக்குக் கரையில் லாரிகள் கட்டிட இடிபாடுகளைக் கொண்டுவந்து கொட்டத் தொடங்கியிருந்தன. தண்ணீர் இன்னும் ஒரு முழம் இறங்கினால் அந்தக் குவியலைப் பள்ளத்துக்குள் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பிறகு ராயப்பன் என்றென்றைக்கும் குடித்துச் செத்தவர்தான். அவர் பேரப்பிள்ளைகள் கூட அப்படித்தான் கேட்டு வளரும். இதை நினைத்துக்கொண்டு அவள் தூங்கவில்லை.

நான்காவது திங்கட்கிழமை அவள் மனுவோடு கொம்பையும் எடுத்துக்கொண்டு போய், அலுவலக வாசலில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளே போகிறவர்கள் எல்லாம் தாண்டிப் போக வேண்டியிருந்தது. பன்னிரண்டடி மூங்கிலைச் சுருட்டியா வைக்க முடியும்? அன்றைக்கு மாலையே, புதன்கிழமை ஆய்வுக்கு வருவதாகச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை அவள் உட்கார்ந்து தக்கை தேர்ந்தெடுத்தாள். செருப்புத் துண்டு உதவாது. அது கனத்துக்கு முழுகாது, ஆழம் எவ்வளவு இருந்தாலும் மிதந்துகொண்டே இருந்து பொய் சொல்லும். நெட்டி ஊறிவிடும், தண்ணீர் குடித்து முழுகியது என்பார்கள். மயிலிறகுதான். இருந்ததிலேயே நேரான தண்டாகப் பார்த்து எடுத்தாள். அதைக் கட்டாயம் முழுகடிக்கும் அளவுக்குப் பெரிய ஈயமாகக் கட்டினாள். ஈயம் தரையில் உட்கார்ந்தால்தான் தக்கை தலை தூக்கும், தொங்கினால் தூக்காது. நகப்பூச்சைப் புதிதாக வைத்தாள். நரம்பு நீளமாக ஓட வேண்டும் என்பதால், கொம்பின் நுனியில் ஊக்கு ஒன்றை வளைத்துக் கட்டி அதன் வழியாக விட்டு, மிச்ச நரம்பைத் தண்ணீர் பாட்டிலில் சுற்றினாள். நூல் முடிச்சைப் போடும்போது, முதலில் மூன்றடிக்கே போட்டாள். அந்த மூன்றடியை முதலில் சொன்னது தன்னுடைய கைதானே என்ற எண்ணம் அவளை அறுத்தது.

புதன்கிழமை அதிகாரி ஜீப்பில் வந்தார். தாண்டவராயன் காரில் வந்தார், கூடவே குமரேசன். கரையில் ஊரே நின்றது. இத்தனை நாள் வாய் திறக்காதவர்களுக்கு வேடிக்கை பார்க்க மட்டும் நேரம் இருந்தது. குமரேசன் ஓரத்தில் ஒரு கம்பை ஊன்றி, நனைந்த அளவைக் காட்டினான். மூன்றடி. அதிகாரி எழுதப் பேனாவை எடுத்தார்.

"சார், கொஞ்சம் நில்லுங்க" என்றாள் அம்மணி. "மொதல்ல அந்தக் கம்பு நிக்கிற எடத்துலயே போட்டுக் காட்றேன். அப்பறமா நூலு பொய் சொல்லுதுன்னு யாரும் சொல்லக்கூடாது."

கம்பின் பக்கத்தில் ஈயத்தை இறக்கினாள். சிவப்பு நுனி தண்ணீருக்கு மேல் எழுந்து நின்றது. முடிச்சை ஓரடி இறக்கிப் போட்டாள், தக்கை முழுகிவிட்டது. மறுபடி மூன்றடிக்கு ஏற்றினாள், நுனி எழுந்தது. மூன்றடி ஆழத்துக்கு மூன்றடி முடிச்சு. அதிகாரி குனிந்து பார்த்து, சரி என்றார். அவர் அப்படிச் சொன்னதை ஊரும் கேட்டது.

பிறகு அவள் துவைக்கிற கல் மேல் ஏறி நின்று, ராயப்பனின் தக்கை நின்ற இடத்துக்கு நேராகக் கொம்பை நீட்டி இறக்கினாள். சிவப்பு நுனி உள்ளே போனது. முடிச்சை ஆறடிக்கு ஏற்றினாள். உள்ளே போனது. ஒன்பதடி, உள்ளே போனது. பன்னிரண்டு, பதினைந்து. ஒவ்வொரு முறையும் அவள் நரம்பை இழுத்து, முடிச்சை நகர்த்தி, மறுபடி இறக்கினாள். கை வேகமாகிக்கொண்டே போனது. பதினெட்டிலும் அந்தச் சிவப்புப் புள்ளி ஒரு கணம் தெரிந்துவிட்டுக் கீழே போனது. இருபத்தோரு அடியில்தான் அது மெல்லத் தலை தூக்கி நின்றது.

அவள் நரம்பைக் கரையில் நீட்டி வைத்து, ஈயத்திலிருந்து முடிச்சு வரை முழம் போட்டுக் காட்டினாள். பதினாலு முழம். தாண்டவராயன் சிரித்துக்கொண்டே அதிகாரியிடம், இதெல்லாம் ஒரு அளவா சார், பொம்பளை கட்டிய நூல் என்றார். இது என்ன அரசாங்க முத்திரை வைத்த அளவுகோலா என்றும் கேட்டார்.

அம்மணி கொம்பைக் கீழே வைத்தாள். கல்லிலிருந்து இறங்கி அவருக்கு வழிவிட்டு நின்றாள்.

"மூணடிதானே ஐயா. காயிதத்துல அப்டித்தான் எழுத வச்சிக்கிறீங்க. எறங்கி நில்லுங்க. இடுப்பு வரைக்கும்தான் நனையும்."

தாண்டவராயன் நகரவில்லை. அவள் குமரேசன் பக்கம் திரும்பினாள். "நீ எறங்குப்பா. நீதான் எல்லாத்தையும் கண்ணால பாத்தவனாச்சே."

குமரேசன் தண்ணீரைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான். கரையில் அவன் பெண்டாட்டியும் நின்றிருந்தாள். "நான் பாக்கல சார்" என்று அதிகாரியிடம் சொன்னான். "சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்."

அதிகாரி எழுதினார். இந்த முறை நிறைய எழுதினார்.

அன்று சாயங்காலம் அம்மணி கணவரின் ரப்பர் செருப்பு இரண்டையும் எடுத்தாள். எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அரிவாளால் எட்டுத் துண்டாக அறுத்து, எட்டுக்கும் சிவப்புப் பூசி, ஒவ்வொன்றுக்கும் நீள நரம்பில் நங்கூரமாக ஒரு செங்கல் கட்டினாள். மறுநாள் பரிசல் வைத்திருக்கும் விருத்தாசலத்தைக் கூப்பிட்டுக்கொண்டு போய், பள்ளத்தின் விளிம்பு எது என்று ஈயம் விட்டுப் பார்த்துப் பார்த்து, விளிம்பு நெடுக அவற்றை இறக்கினாள். இந்த வேலைக்குச் செருப்புத்தக்கைதான். தூரத்திலிருந்தே தெரியும், எதற்கும் முழுகாது. அதைத் தாண்டி இப்போது யாரும் கால் வைப்பதில்லை.

பங்குனியில் இரண்டாவது கடிதம் வந்தது. கலைமதி ஓட்டமாக வந்து, வாசலிலேயே உறையைக் கிழித்து, சந்தோஷமாகப் படித்தாள். பள்ளத்தின் ஆழம் இருபத்தோரு அடி என அளவிடப்பட்டுள்ளது. முந்தைய அறிக்கையில் மதுபோதை எனக் குறிப்பிட்டது நீக்கப்படுகிறது. "இறந்த ராயப்பன் என்பவர் ஏரியின் ஆழம் அறியாமல் நீரில் இறங்கியதால் இறந்ததாகத் தெரியவருகிறது."

ஜெயிச்சிட்டம்மா என்றாள் கலைமதி. அம்மணி மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கடைசி வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள். படித்து முடிப்பதற்குள் முறத்தில் தோல் குவியத் தொடங்கிவிட்டது. மகளுக்குப் புரிந்துவிட்டது, பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் அம்மணி கொம்போடு பஸ் ஏறினாள். கண்டக்டருக்கு இப்போது பழகிவிட்டது, ஜன்னலோரமாக அதை நீட்டி வைக்க இடம் கொடுத்தார். மடியில் இருந்த மனுவில் இந்த முறை அவள் சொன்னது சொன்னபடியே டைப் அடித்திருந்தது. அலுவலக மொழிக்கு மாற்றக் கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"எங்க ஏரி ஆழம் எங்க வூட்டுக்காரருக்கு நல்லாத் தெரியும். மூணடி. அத இருவத்தோரு அடி ஆக்கினவரு பேரப் போட்டு எழுதுங்க."